"மோசம் போயிட்டாராம், உண்மையோ?" - சில பழைய வதந்திகள்

போன சனிக்கிழமை கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில்தான் இது ஆரம்பிச்சது. பாடன் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு தமிழ்க் கடை. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தவர். நான் உள்ளே நுழைஞ்சதும் கையில் இருந்த போனை என் பக்கம் திருப்பி, "தம்பி, இவர் மோசம் போயிட்டாராம். உண்மையோ?" என்றார்.

படத்தில் இருந்தவர் ஒரு பழைய நடிகர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த வதந்திக்கு நானும் இன்னொரு தடவை தோள் கொடுத்த மாதிரி ஆகிடும். ஏற்கனவே ஒரு தடவை கொடுத்தாச்சு. காலையிலேயே காலேஜ் குரூப்பில் வந்ததைப் பார்த்து, யோசிக்காமல் ஒரு 'ரிப்' போட்டு, எங்க வீட்டு குரூப்புக்கும் தள்ளிவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தேன். "ஆமாண்ணே, காலையிலதான்" என்று சொல்லிவிட்டு கறிவேப்பிலையும் கால் கிலோ சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சாயங்காலம் குடும்பத்தார் மறுப்பு வந்துவிட்டது. மனுஷன் வீட்டில் காபி குடிச்சுக்கிட்டு இருக்காராம்.

சரி, அழிச்சுடலாம் என்று பார்த்தால் அதற்குள் எங்க சித்தப்பா அதைப் படித்து அப்பத்தாவிடம் சொல்லி, அப்பத்தா அழுது முடிச்சிருந்தது. ராத்திரி போன் பண்ணி "அப்பத்தா, அது பொய்யாம், அவரு நல்லாத்தான் இருக்காரு" என்றேன். கோபப்படும்னு நினைச்சேன். "அப்பிடியா? சரி விடு. நாந்தான் அழுதாச்சுல்ல, இனிமே அவருக்கு ஒண்ணும் ஆகாது" என்றது.

இந்த வாக்கியம் எனக்குப் புதுசு இல்லை. எங்க ஊர்ப் பக்கம் (ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்) காக்கா ரெண்டு சேர்வதைப் பார்த்தால் பார்த்தவனுக்கு சாவு என்று ஒரு நம்பிக்கை உண்டு. பரிகாரம் என்ன தெரியுமா? அவன் செத்துட்டான்னு சொந்தக்காரனுக்குப் பொய்யாகத் தகவல் அனுப்பணும். அவன் அழுதால் தோஷம் கழிஞ்சது. அப்புறம் உண்மையைச் சொல்லிக்கலாம். ஏதோ எங்க ஊர்க் கிறுக்கு என்றுதான் நினைச்சிருந்தேன். சென்னை மியூசியத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1912ல் தென்னிந்திய சகுனங்கள் பற்றி எழுதிய புத்தகத்தில் இதையும் எழுதி வைத்திருக்கிறார். முதலில் தபாலில் பொய்ச் சாவு, பின்னாலேயே இன்னொரு தபாலோ தந்தியோ போட்டுத் திருத்தம். நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஃபார்வர்டும் மறுப்பும் நம்மிடம் இருந்திருக்கு :-)

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நம்ம ஊரில் உயிரோடு இருந்தவர்களை எத்தனை பேர் எத்தனை தடவை சாகடிச்சிருக்காங்க என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். ஒரு பெரிய பட்டியலே வந்தது.

எம்ஜிஆரிடமிருந்துதான் தொடங்கணும். 1967 ஜனவரி 12. ராமாவரம் வீட்டில் எம்.ஆர்.ராதா சுட்டார். எம்ஜிஆரைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். எம்ஜிஆர் போயிட்டார் என்று செய்தி ஊரெல்லாம் ஓடியது. ஆனால் ரெண்டு பேருமே பிழைத்தார்கள். தேர்தல் அடுத்த மாதம். கழுத்தில் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் இருந்த எம்ஜிஆரின் படம் போஸ்டராகி மூலை முடுக்கெல்லாம் ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் பிரச்சாரத்துக்கே போகாமல் ஜெயித்தார், திமுக முதல் தடவையாக ஆட்சிக்கு வந்தது. உயிரோடு இருப்பதற்கு ஒரு படம் அத்தாட்சி என்ற பழக்கம் தமிழ்நாட்டில் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். (சுட்ட ராதா இறந்தது 1979 செப்டம்பர் 17. அன்று பெரியார் பிறந்தநாள். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியலை.)

அடுத்தது 1984. எங்க வீட்டுக் கதையும் இதில்தான் வருது. அக்டோபர் 5ஆம் தேதி எம்ஜிஆர் அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் பழுது, பின்னாலேயே பக்கவாதம். பார்க்க வந்த இந்திரா காந்தி அதே மாதம் 31ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் தொடக்கத்தில் எம்ஜிஆரை நியூயார்க், புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அண்ணன் மகள் லீலாவதி கொடுத்த சிறுநீரகம் டிசம்பரில் பொருத்தப்பட்டது. அந்த டிசம்பர் 24ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் தேர்தல். வேட்பாளர் அமெரிக்காவில் படுக்கையில். தொகுதி எங்க ஆண்டிபட்டி!

"ஆளே இல்ல, மறைக்கிறாங்க" என்று ஒரு பக்கம் பேச்சு. அதை அடைக்க ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோ வந்தது. படுக்கையில் உட்கார்ந்திருக்கிறார், பேப்பர் பார்க்கிறார், சாப்பிடுகிறார். ஊர் ஊராக அதைப் போட்டுக் காட்டினார்கள். எங்க ஊரில் பள்ளிக்கூடத்துச் சுவர் பக்கம் டிவி பெட்டி வைத்துப் போட்டார்களாம். அப்பத்தா இன்னிக்கும் அதை நேற்று நடந்த மாதிரிதான் சொல்லும். "சத்தமே இல்லய்யா. வாயத் தொறந்து சாப்பிட்டாரு. நாங்க எல்லாம் குலவ போட்டோம்." ஒரு மனுஷன் சோறு சாப்பிடுவதைப் பார்த்து ஒரு ஊரே குலவை போட்டிருக்கு! எம்ஜிஆர் ஜெயித்தார், 1985 பிப்ரவரி 4 ஊர் திரும்பினார், முதல்வராகவும் பதவி ஏற்றார். பேச்சு மட்டும் சரியாகவில்லை. அதற்கப்புறம் மூணு வருஷம்கூட இல்லை. 1987 டிசம்பர் 24. தேர்தல் நடந்த அதே தேதி.

இந்தக் கதையை கடைக்காரரிடம் ஒரு தடவை சொன்னபோது அவர் சிரித்தார். "எம்ஜிஆருக்குச் சுகமில்லையெண்டு நாங்களும் நேர்த்தி வச்சனாங்கள் தம்பி. அவர் எங்கட கண்டிப் பக்கம் பிறந்தவர் எல்லே" என்றார். கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டி, 1917 ஜனவரி 17. ஒரே ஆளுக்காக ஆண்டிபட்டியில் குலவை, யாழ்ப்பாணத்தில் நேர்த்தி.

அவரிடம் கேட்காத இன்னொரு பெயரும் உண்டு. பிரபாகரன். 1989லேயே செத்துவிட்டதாகச் செய்தி வந்தது. 2004 சுனாமியில் போய்விட்டார் என்று மறுபடி சொன்னார்கள். ரெண்டும் பொய். 2009 மே மாதம் இலங்கை அரசு அறிவித்தபோது, முன்னே ரெண்டு தடவை பொய்யானதாலேயே நிறையப் பேர் நம்பவில்லை. 2023 பிப்ரவரியில் தஞ்சாவூரில் பழ.நெடுமாறன் அவர் உயிரோடு இருக்கிறார் என்று பேட்டி கொடுத்தார். இலங்கை ராணுவம் உடனே மறுத்தது. அன்று கடையில் ரெண்டு பேர் இதைப் பற்றி ஆரம்பித்தார்கள். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அரிசி மூட்டையை எடுத்து உள்ளே வைக்கப் போய்விட்டார். போரில் அவர் யாரை இழந்தார் என்று எனக்குத் தெரியும். சில மரணங்களைப் பற்றிய பேச்சு சினிமாக்காரன் வதந்தி மாதிரி இல்லை. இதை இத்தோடு விடுகிறேன்.

வதந்தி என்றால் வேலையில்லாதவன் பரப்புவது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் ஆகப் பெரிய பொய்ச் சாவை அறிவித்தவர் பிரதம மந்திரி! 1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பம்பாயில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் இறந்துவிட்டார் என்று மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டார். அவை ஒத்திவைப்பு, வானொலியில் வழக்கமான நிகழ்ச்சிகள் நிறுத்தம், பள்ளிக்கூடம் கடை எல்லாம் மூடல். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். பிற்பாடு ஜேபியிடம் இதைச் சொன்னபோது சிரித்தாராம். அந்த வருஷமே அக்டோபர் 8ல் இறந்தார். பிறந்தநாள் 11ஆம் தேதி. மூணு நாளில் 77 முடிஞ்சிருக்கும்.

பத்திரிகைக்காரர்கள் வேறு முன்கூட்டியே இரங்கல் எழுதி வைத்துக் காத்திருப்பார்கள். இதில் எனக்குப் பிடித்தது எலிசபெத் டெய்லர் கதை. 2011ல் அவர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸில் வந்த இரங்கலை எழுதியவர் மெல் குஸ்ஸோ. அவர் 2005லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எழுதினவன் போய் ஆறு வருஷம் கழித்து எழுதப்பட்டவர் போயிருக்கிறார்!

2016 நம்ம எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். செப்டம்பர் 22 ராத்திரி ஜெயலலிதா அப்போலோவில் சேர்ந்தார். முதலில் காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றார்கள். எழுபத்தைந்து நாள் ஓடியது, ஒரு படம்கூட வெளியே வரலை. வதந்தி பரப்பினதாகச் சிலரைக் கைது பண்ணினார்கள். கைது பண்ணினால் வதந்தி நிற்குமா? ஒரு போட்டோ செய்யுற வேலையை நூறு வழக்கு செய்யாது. டிசம்பர் 5 சாயங்காலம் சில தமிழ்ச் சானல்கள் மரணச் செய்தியை ஓட்டின. கட்சி அலுவலகத்தில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். ஆஸ்பத்திரி மறுத்ததும் திரும்ப மேலே ஏற்றினார்கள். அந்தக் கொடி இறங்கி ஏறினதை டிவியில் பார்த்தவர்களுக்கு மறக்காது. ராத்திரி 11.30க்கு இறந்தார் என்று நள்ளிரவுக்குப் பிறகு அறிவிப்பு வந்தது.

கதை அதோடு முடியலை. அப்போலோவில் ஜெயலலிதா ஜூஸ் குடிக்கிற வீடியோ ஒன்றை 2017 டிசம்பர் 20ஆம் தேதி வெற்றிவேல் வெளியிட்டார். மறுநாள் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். 1984க்கும் 2017க்கும் நடுவில் 33 வருஷம், ஆனால் ரெண்டும் டிசம்பர், ரெண்டும் தேர்தல், ரெண்டிலும் படுக்கையில் ஒருத்தர் வாய்க்கு எதையோ கொண்டுபோகிறார். முதலாவது அவர் இருக்கிறார் என்று காட்ட. ரெண்டாவது அவர் அப்போது இருந்தார் என்று காட்ட. 2022ல் ஆறுமுகசாமி ஆணையம் கொடுத்த அறிக்கையில் சாட்சிகள் சொன்னதை வைத்து இறந்தது டிசம்பர் 4 பிற்பகல் 3 மணியிலிருந்து 3.50க்குள் என்று இருக்கிறது. அப்படியானால் 5ஆம் தேதி சாயங்காலம் கொடி இறங்கி ஏறினதை என்னவென்று சொல்வது? ஒரு முதலமைச்சர் எந்தத் தேதியில் இறந்தார் என்பதற்கே அரசாங்கக் காகிதத்தில் ரெண்டு பதில். வதந்தி பேசினவர்களை மட்டும் எப்படித் திட்டுவது?

2018ல் கருணாநிதி விஷயத்தில் வேறு மாதிரி. ஜூன் 3 தொண்ணூத்தஞ்சாவது பிறந்தநாள் அன்று கோபாலபுரம் வீட்டு வாசலில் கூடின கூட்டத்துக்குக் கை அசைத்தார். ஜூலை 28ல் காவேரி ஆஸ்பத்திரி. ராகுல் காந்தி வந்து பார்த்த படத்தை வெளியே விட்டார்கள். வாசலில் "எழுந்து வா தலைவா" என்று ராவும் பகலும் கோஷம். ஆகஸ்ட் 7 சாயங்காலம் 6.10க்கு முடிந்தது. 94 வயது. ராஜாஜி 94ல்தான் போனார் (1972 டிசம்பர் 25), பெரியாரும் 94 (1973 டிசம்பர் 24). அந்தக் கடைசி டிசம்பரிலும், மூத்திரக் குழாயும் வலியுமாக, இறப்பதற்கு அஞ்சு நாள் முன்னால் தி.நகரில் மேடை ஏறிப் பேசினவர் பெரியார். இன்று ஒரு நட்சத்திரத்துக்கு எழுபத்தஞ்சு வயசானால் "இன்னும் எத்தனை படம்" என்று கணக்குப் போடுகிறோம். இவர்கள் அந்தக் கணக்கையே கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜூன் 3 என்றதும் இன்னொன்று. இளையராஜா பிறந்ததும் ஜூன் 3தான், கலைஞர் பிறந்தநாள் என்பதால் தன்னுடையதை 2ஆம் தேதிக்கு நகர்த்திக்கொண்டார். 4ஆம் தேதி எஸ்.பி.பாலசுப்ரமணியம். வரிசையாக மூணு நாள் டிவியில் பழைய பாட்டு.

எஸ்பிபி கதைதான் எனக்குக் கஷ்டமானது. 2020 ஜூன் கடைசியில் எஸ்.ஜானகி இறந்துவிட்டார் என்று பரவியது. அப்போது அவருக்கு 82. எஸ்பிபிக்குக் காலையிலிருந்து போன் மேல் போன். அவர் ஜானகியம்மாவிடமே பேசிவிட்டு, அவங்க நல்லா இருக்காங்க, இந்த மாதிரி பண்ணாதீங்க என்று வருத்தமும் கோபமுமாக ஒரு வீடியோ போட்டார். நான் அப்போது ஊரில், லாக்டவுனில். அந்த வீடியோவையும் ஃபார்வர்ட் பண்ணினேன். ஆகஸ்ட் 5ல் அவரே இன்னொரு வீடியோவில் லேசான கொரோனாதான், பயப்படாதீங்க என்றார். 20ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரெல்லாம் கூட்டுப் பிரார்த்தனை. நடுவில் குணமாகிட்டார் என்று ஒரு பொய், அதை மகன் சரண் மறுக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 25 மதியம் ஒரு மணிக்குப் போய்விட்டார். 74 வயது. யாருக்காக அவர் பதில் சொன்னாரோ அவரைவிட எட்டு வயது இளையவர்.

நடிகை கனகா 2013ல் நிருபர்களைக் கூப்பிட்டு நான் உயிரோடுதான் இருக்கேன் என்று காட்ட வேண்டி வந்தது. அப்போது வயசு நாற்பது! கவுண்டமணிக்கு இது எத்தனை தடவை என்று கணக்கே இல்லை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை லிம்மாத் ஆற்றுப் பக்கம் போனேன். பாடன் என்ற பேரே குளியல்தான். ரோமானியர் காலத்திலிருந்து 47 டிகிரி வெந்நீர் ஊற்று. 2021ல் மரியோ போத்தா கட்டின பெரிய குளியல் மாளிகை திறந்தார்கள், அதற்கு டிக்கெட் வாங்க என் ஸ்டைபண்ட் தாங்காது. ஆற்றோரம் இலவசத் தொட்டி ஒன்று உண்டு, அதில் காலை விட்டுக்கொண்டு உட்காரலாம். சுற்றிலும் எழுபது, எண்பது வயசு ஆட்கள். இடுப்பு வலி, முட்டி வலி. யாரும் யாரையும் எவ்வளவு நாள் என்று கேட்பதில்லை.

இந்தக் குளியலுக்கு 1923லிருந்து திரும்பத் திரும்ப வந்தவர் ஹெர்மன் ஹெஸ்ஸே. சித்தார்த்தா எழுதினவர். வேரனாஹோஃப் என்ற விடுதியில் தங்குவார். இங்கே நோயாளியாக இருந்ததையே ஒரு புத்தகமாக எழுதினார். நம்ம பக்கத் தொடர்பும் உண்டு. அம்மா பிறந்தது தலச்சேரியில், தாத்தா மலையாள அகராதி எழுதிய குண்டர்ட், அவர் முதலில் திருநெல்வேலிப் பக்கம் இருந்து தமிழ் பழகினவர். வயசான ஹெஸ்ஸே தெற்கே மொண்டன்யோலாவில் வீட்டு வாசலில் 'தயவுசெய்து யாரும் பார்க்க வர வேண்டாம்' என்று பலகை மாட்டிவிட்டார். 1962 ஜூலை 2ல் 85 வயது நிறைந்தது, ஊர் அவரைக் கௌரவக் குடிமகன் ஆக்கியது. அவருக்கு ரத்தப் புற்று இருந்தது, அவருக்கே அது தெரியாது. ஆகஸ்ட் 9ஆம் தேதி தூக்கத்தில் போய்விட்டார். வாசலில் கேமரா இல்லை, கோஷம் இல்லை. கொடுத்து வைத்தவர் என்றுதான் தோணுது. ஆனால் நம்ம ஊரில் ஒருத்தர் வாசலில் அப்படிப் பலகை மாட்டினால், உள்ளே என்னமோ ஆகிடுச்சு என்று அன்றைக்கே பேச ஆரம்பித்துவிடுவோம்.

அப்பத்தாவுக்குப் பிறந்தநாள் கிடையாது. "வெள்ளக்காரன் போன வருசம் எனக்கு முன்பல்லு விழுந்துச்சு" என்பதுதான் கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் எண்பத்து நாலோ ஐந்தோ. இங்கே வந்ததிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு இந்திய நம்பர் அடித்தால் எனக்கு வயிறு கலங்கும். ஊரில் ஒருத்தருக்கு எழுபத்தெட்டு, எண்பது என்று செய்தி வந்தால் மனசு தானாக அப்பத்தா வயசோடு கழித்துப் பார்க்கும். படிப்பு முடிய இன்னும் பதினாலு மாசம். யாரோ ஒரு நடிகர் சாவை நான் சரிபார்க்காமல் நம்பினது எதனால் என்று கேட்டால், இந்தப் பயத்திலேயே உட்கார்ந்திருப்பதால்தான் என்று சொல்லத் தோணுது. சாக்கு மாதிரி இருக்கு, தெரியும்.

சின்ன வயசில் அப்பத்தாவோடு ஒரு தடவை மெரினா போனேன். எம்ஜிஆர் சமாதிக் கல்லில் காதை வைத்தால் அவர் கைக்கடிகாரம் ஓடுவது கேட்கும் என்பார்கள். வரிசையாக ஆட்கள் குனிந்து காது வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பத்தாவும் வைத்தது. ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்லை. "கேக்குதா?" என்றேன். "கேக்குது. நீயும் வையி." நானும் வைத்தேன். கல் சூடாக இருந்தது, பக்கத்தில் யாரோ சுண்டல் விற்றார்கள். வேறு ஒன்றும் கேட்கலை. "கேக்குது அப்பத்தா" என்றேன்.

நேற்று மறுபடி போன் பண்ணினேன். அந்த நடிகர் டிவியில் வந்தாராம், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றது. அப்புறம், "நீ எப்பய்யா வர்ற?" "அடுத்த வருசம் ஆடியில, அப்பத்தா." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசலை. விரல் விட்டு எண்ணுது போல. "சரி, வா. இருக்கேன்" என்றது.